சும்மா கிடக்கும் நாற்பது மீற்றர்

ஹைல்புரோனுக்கு வடக்கே, நெக்கார் ஆற்றை ஒட்டி
வீதி வளைகிற இடத்தில்
இரவு ஒன்பதிலிருந்து விடிய ஐந்து வரை
ஒரு தடத்தை மூடி வைப்பது என் தொழில்.

முதலில் அம்பு விளக்கு வண்டி.
பிறகு சிவப்பு வெள்ளைப் பலகைகள், சரிவாக,
ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் விளக்கு.
பிறகு ஒன்றுமில்லை.
நாற்பது மீற்றருக்கு ஒன்றுமே இல்லை.
அதன் பிறகுதான் ஆட்கள்.

அந்த ஒன்றுமில்லாததற்கு
அனுமதித் தாளில் தனிப் பந்தி இருக்கிறது.
கருவி வைக்காதே. வண்டி நிறுத்தாதே.
தார்வாளி, தண்ணீர்ப் போத்தல், கழற்றிய கோட்டு
எதுவும் அங்கே கிடக்கக் கூடாது.
ஆள் நிற்கவே கூடாது.
ஜேர்மன்காரர் அரைப் பக்கம் செலவழித்துச் சொன்னதை
என் மொழி ஒரு சொல்லில் வைத்திருக்கிறது:
சும்மா.

ஓட்டுநர்களுக்கு அது பிடிக்காது.
கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள்,
ஒருத்தரும் வேலை செய்யாத இடத்தை
எதற்கு மறித்து வைத்திருக்கிறாய் என்று.
ஒருவர் அப்பிள் கடித்தபடி கேட்டார்.
மிச்சத்தை அங்கேயே எறிந்துவிட்டும் போனார்.
நான் போய்ப் பொறுக்கினேன்,
விதிப்படி நானும் நுழையக் கூடாத இடத்தில்.

போன வியாழன் மழை.
பத்து மணிக்கே விரல்கள் விறைத்துவிட்டன.
பலகையின் அடிக்கட்டை ஒன்று இருபத்தெட்டுக் கிலோ.
காலடியால் அளந்தேன்; முப்பதில் நிறுத்தினேன்.
மழைக்குள் எண்ணினால் எண் தவறும்தானே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அன்றும் மிர்சாத் மண்டியிட்டு,
முதுகை வீதிக்குக் கொடுத்து,
வெடிப்புக்குள் தார் ஊற்றிக்கொண்டிருந்தான்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை யாரும் எழுதி வைப்பதில்லை.

இந்தச் செவ்வாய் எஹ்லர்ட் அம்மையார் வந்தார்.
மாநில வீதித் திணைக்களம், வெள்ளைத் தலைக்கவசம்,
தடியின் நுனியில் சக்கரம் பூட்டிய அளவுகோல்.
உருட்டியபடி நடந்தார்.
முப்பத்திரண்டு, என்றார்.
கோபப்படவில்லை. காத்திருந்தார்.
எட்டு மீற்றருக்காக அத்தனையையும் பெயர்த்து நட்டோம்.
மிர்சாத் தன் மொழியில் ஏதோ ஏசினான்,
நான் என் மொழியில்.

இரண்டே முக்காலுக்கு அந்தப் பாண் வான்.
பிரேக் சத்தம் முதலில் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் முறியும் சத்தம்தான்: ஒன்று, இரண்டு,
நான்கு, ஐந்து.
மூன்றாவது எனக்குக் கேட்கவேயில்லை.
அந்தச் சத்தம்தான் அவனை எழுப்பியிருக்க வேண்டும்,
பிறகுதான் பிரேக்.
பிறகு பின்கதவு தானாகத் திறந்துகொள்ள
ஈரத் தாரின் மேல்
சூடான பாண் வாசம்.

ஓட்டியவனுக்கு இருபது வயதிருக்கும்.
கண் மூடவே இல்லை என்றான், நான்கு தரம்.
மிர்சாத் திரும்பிப் பார்த்து,
கையிலிருந்த வாளியைச் சிந்தாமல் கீழே வைத்தான்.

ஐந்து மணிக்கு எஹ்லர்ட் மறுபடி வந்தார்.
டயர்க் கறுப்பு முடிகிற இடத்தில்
சக்கரத்தை நிறுத்தினார்.
முப்பத்தைந்து.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் என் கையில்.
சேதம்: பலகை ஐந்து, விளக்கு ஐந்து.
காயம்: இல்லை.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.
குறிப்பு என்ற இடம் ஒரு விரல் அகலம்.
அதற்குள் எழுதினேன்:
வியாழக்கிழமை, முப்பது.
செவ்வாய்க்கிழமை, முப்பத்திரண்டு.
என் முழுப்பெயர், குகனேசன் தம்பிமுத்து,
கோட்டுக்கு வெளியே போயிற்று.

நிமிர்ந்து பார்த்தால்
மிர்சாத் வீதியோரம் குந்தியிருந்து
நசுங்கிய பணிஸ் ஒன்றைத் தின்கிறான்.
விளக்குகளை அணைத்தாயிற்று, பொலிஸ் இருபுறமும் மறித்து நிற்கிறது,
எந்த வாகனமும் வரப்போவதில்லை.
ஆனாலும் அவன் சப்பாத்து நுனி
அந்த நாற்பதுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

காலை எடு, என்று கத்தினேன்,
தமிழில்.
எடுத்தான்.